இடது பக்கக் கதவு

உக்காருங்க தம்பி. வண்டி எங்கேயும் ஓடிடாது, ஷெட்டுலதான் நிக்குது. பெரம்பலூர்லேர்ந்து இந்த வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் பாக்கலாம். நான் கலந்ததுதான். இப்பல்லாம் இந்த வீட்ல எல்லாம் நான்தான்.

போன்ல ஒண்ணு கேட்டீங்களே, வண்டி எங்கயாவது அடிபட்டிருக்கா, பெயிண்ட் வேலை நடந்திருக்கான்னு. அது போன்ல சொல்ற விஷயம் இல்ல, நேர்ல வாங்கன்னு சொன்னேன். ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் எதையும் ஒளிக்கிற ஆளே இல்ல. துறையூர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

இது எங்க வீட்டம்மா வண்டி. திலகவதின்னு பேரு. கால்நடை டாக்டர். மலையடிவாரத்து ஊருங்கள்ல போய் மாட்டு டாக்டரம்மான்னு சொன்னாப் போதும், உங்களைக் கையோட கூட்டியாந்து இந்த வாசல்ல விட்டுடுவாங்க. நான் கூட்டுறவு சொசைட்டியில எழுத்தரா இருந்து ஓய்வு பெத்தவன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரு தடவை கத்துக்கப் போனேன். கத்துக்குடுக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். அதோட விட்டுட்டேன். அதுக்காக எனக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சிடாதீங்க. ஓட்டுறது மட்டும்தான் அவ. வெச்சுக் காப்பாத்தினதெல்லாம் நான். காலையில எந்திரிச்சதும் ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணி. டயர் இடுக்குல சாணி ஒட்டியிருக்கும், குச்சி வெச்சு எடுப்பேன். மாட்டு டாக்டர் வண்டின்னு யாரும் சொல்ல முடியாது.

அவகூடப் போறப்ப நான் பின் சீட்லதான் உக்காருவேன். முன்னாடி உக்காந்தா, பொண்டாட்டி வண்டி ஓட்டுறா, புருஷன் கையைக் கட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருக்கான்னு பேசுவாங்க. பின்னாடி உக்காந்தா பேப்பர் படிச்சுக்கிட்டே போவலாம். யார் என்ன சொல்ல முடியும்.

முதல்ல போனது இடது பக்கக் கண்ணாடி. ஒருநாள் சாயங்காலம் வந்து நிறுத்தறா, கண்ணாடி மடங்கி, ஓரம் பூரா கீறல். எங்க இடிச்சேன்னு கேட்டேன். எதுன்னு அவ கேக்கறா. அவளுக்கு இடிச்சதே தெரியலை. இறங்கி வந்து பாத்துட்டு, "வைக்கோல் வண்டி ஏதாவது உரசியிருக்கும்ங்க, அந்தப் பக்கம் தெருவெல்லாம் குறுகல்"ன்னா. வண்டி ஓட்டுறவளுக்கு எங்க இடிச்சோம்னு தெரியாதான்னு கேட்டேன். கோவமாக் கேக்கல. சாதாரணமாத்தான் கேட்டேன். எதிர் வீட்ல ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருக்கார். அந்த நேரம் பாத்து அவர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். "என்ன சார், டாக்டரம்மா மாட்டை ஓட்டுற மாதிரியே காரையும் ஓட்டுறாங்க போலிருக்கே"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது.

மறுநாளே சகாயத்தை வரச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி டிங்கரிங் பட்டறை வெச்சிருக்கிறவன். அவனே வந்து எடுத்துட்டுப் போய் சாயங்காலம் கொண்டாந்து விட்டான். கண்ணாடி புதுசு. தாசில்தார் கண்ணு முன்னாடியே நிறுத்தச் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழிச்சு நம்ம கேட்டுத் தூண்லயே இடிச்சா. இடது பக்க முன் மட்கார்டு உள்ள போயிடுச்சு. அன்னைக்குக் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். வருஷக்கணக்கா அங்கயே நிக்கிற தூணு, அது வந்தா உன்னை இடிச்சுதுன்னு கேட்டேன். அழுதுட்டா. ராஜகாளை மாதிரி காளையெல்லாம் ஒத்தைக் கையில பிடிச்சு நிறுத்துறவ, தூணைப் பாத்துக்கிட்டு அழறா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் தம்பி நான் ஒரு முடிவு பண்ணேன். இனிமே இதை அவகிட்ட சொல்றதில்ல. ஓட்டுறப்ப பொம்பளைங்களுக்கு அப்படி இப்படி ஆகும்தான். சொல்லி என்ன ஆவப் போவுது, மனசுதான் கஷ்டப்படும். நான் காலையில துடைக்கறப்ப பாப்பேன். புதுசா ஒரு கோடு இருக்கும், இல்ல ஒரு ஒடுக்கு இருக்கும். ஷெட்டுல இடது பக்கம் சுவத்தை ஒட்டி நிக்கும், அந்தப் பக்கம் அவ வரவே மாட்டா. ஞாயித்துக்கிழமை வாட்டர் சர்வீஸ்னு சொல்லி சகாயத்துக்கிட்ட அனுப்பிடுவேன். ஒடுக்கு எடுத்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சு, பாலிஷ் போட்டு வந்துடும். திங்கக்கிழமை அவ ஏறி உக்காந்து போவா. அவளுக்கு எதுவும் தெரியாது.

சகாயமே சொல்லுவான். "சின்னக் கீறல் சார், வண்டின்னா இருக்கத்தான் செய்யும், விடுங்க"ம்பான். நான் விடலை. ஒரு கீறலை விட்டா அடுத்தது வரும். வீட்டுச் சுவத்துல ஒரு பிள்ளை கிறுக்கினா விடுவோமா?

அதோட அவளும் கொஞ்சம் மாறினா. நிதானமா ஓட்ட ஆரம்பிச்சா. காலையில சீக்கிரமே கிளம்பிடுவா. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவா. முன்னல்லாம் எங்கயோ ஒரு பசு கன்னு போட முடியாமக் கிடக்குதுன்னா எந்நேரம் ஆனாலும் போவா. அதெல்லாம் நின்னுபோச்சு. இருட்டிட்டா யாராவது பைக்ல வந்து கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு நல்லதாப் போச்சு. சாயங்காலக் காபி நேரத்துக்குக் கிடைச்சது.

வீட்லயும் கொஞ்சம் கவனக்குறைவு வந்தது. அது வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே. கை பட்டு தம்ளர் விழும். வாசப்படியில கால் இடறும். ஒருநாள் "எனக்கென்னமோ கண்ணு சரியில்லாத மாதிரி இருக்குங்க"ன்னா. நான் அலட்சியமா விடலை தம்பி. அன்னைக்கே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். எழுத்துப் பலகை வெச்சுப் படிக்கச் சொன்னாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சுட்டா. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாங்க. ஒரு நல்ல பிரேமாப் பாத்து வாங்கிக் குடுத்தேன். அப்புறம் அவ அந்தப் பேச்சை எடுக்கல.

மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? குடிங்க, உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.

இப்ப அந்தக் கதவு விஷயத்துக்கு வர்றேன். நீங்க கேட்டது அதுதானே.

போன சித்திரையில குலசாமி கோயிலுக்குக் கிளம்பினோம். போற வழியில பூவாயின்னு ஒரு அம்மா வீடு. அவங்க பசு ரெண்டு நாளாத் தீனி எடுக்கலைன்னு போன் பண்ணியிருந்தாங்க. எட்டிப் பாத்துட்டுப் போவலாம்ங்கன்னா. சரின்னேன். நல்ல வெயில். நான் பின் சீட்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். வண்டி அவங்க தெருவுக்குள்ள திரும்புது, தடால்னு ஒரு சத்தம், வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்னுபோச்சு. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு இறங்கிப் பாக்கறேன். இடது பக்கம் வேப்ப மரத்துல கட்டிப் போட்டிருந்த கன்னுக்குட்டி. கயிறு இழுபட்டு, கதவுக்கும் மரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

திலகா அந்தப் பக்கமா சுத்தி வந்து மண்ணுல உக்காந்தா. இடுப்புலேர்ந்து முதுகு வரைக்கும் கையால தடவிப் பாத்தா. அவ எப்பவுமே கையாலதான் பாப்பா, வயித்துக் கன்னு என்ன நிலையில இருக்குன்னு கைய விட்டே சொல்லிடுவா. தடவிக்கிட்டே வந்தவ ஒரு இடத்துல கையை நிறுத்திட்டா. அப்புறம் பூவாயியை நிமிந்து பாத்தா. முதுகெலும்பு போயிடுச்சு பூவாயின்னா.

அந்தம்மா கத்தல, கூச்சல் போடல. கன்னுக்குட்டித் தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிச்சு. "நீங்க கை குடுத்துப் பொறந்த கன்னு டாக்டரம்மா. வெள்ளைக் கன்னு. இவ்வளவு வெளிச்சத்துல இது கண்ணுக்குத் தெரியாம எப்படிம்மா போவும்"னு கேட்டுச்சு. திட்டலை. நிஜமாவே புரியாமத்தான் கேட்டுச்சு.

"அது அங்க இல்லை பூவாயி"ன்னா இவ. "நான் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். மரம் இருந்தது. கன்னு இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்துக்கிட்டிருக்கிற கன்னு முன்னாடி உக்காந்துக்கிட்டு, அது இல்லைன்னு சொன்னா யாராவது ஒத்துக்குவாங்களா? பூவாயி என்ன நினைக்கும்? நான் நடுவுல புகுந்து, கவனிக்கலைம்மா, மன்னிச்சுக்குங்க, மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆவலையே, அந்த மட்டும் சரின்னேன். என்னை ரெண்டு பேரும் திரும்பியே பாக்கல.

அவளே ஊசி எடுத்தா. கன்னு அடங்கற வரைக்கும் நெத்தியில கை வெச்சுக்கிட்டே இருந்தா. நான் அதுக்குள்ள கதவைப் பாத்தேன். முன் கதவு நல்லா உள்ள வாங்கியிருந்தது. பின் கதவு வரைக்கும் இழுத்துக்கிட்டு ஒரு கோடு. இது ஒருநாள் வேலை இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

சாவியை என் கையில குடுத்துட்டா. எனக்கு எதுக்கு சாவி, எனக்கு ஓட்டத் தெரியாதே. பூவாயி மகன்தான் ஓட்டிக்கிட்டு வந்து விட்டான். அன்னைக்குத்தான் முதல் முதலா திலகா பின் சீட்ல என் பக்கத்துல உக்காந்தா. சேலையெல்லாம் ரத்தம். சீட்ல படாம துண்டை விரிச்சுக் குடுத்தேன்.  ஷெட்டுல வண்டி நின்னதும், "தூணு வந்துடுச்சா"ன்னு கேட்டா. கேட்டுக்குள்ள நுழைஞ்சு ரொம்ப நேரம் ஆச்சுன்னேன்.

பொண்ணு கேள்விப்பட்டு ஓசூர்லேர்ந்து ஓடி வந்தா. இளவரசின்னு பேரு, ஒரே பொண்ணு. அம்மாவை நேரா திருச்சியில பெரிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னுட்டா. நானும் போனேன். ஒரு மெஷினுக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கணும். லைட் வரவர பட்டனை அமுக்கணும். இவ பாட்டுக்கு அமுக்காமயே உக்காந்திருக்கா. எனக்குப் பொறுக்கல, அமுக்கு திலகா, அமுக்குன்னேன். அங்க இருந்த பொண்ணு என்னை வெளிய போய் உக்காரச் சொல்லிடுச்சு.

அப்புறம் டாக்டர் என்னையும் இளவரசியையும் கூப்பிட்டார். திலகாவுக்கு ஏதோ சொட்டு மருந்து விட்டு வேற ரூம்ல கண்ணை மூடி உக்கார வெச்சிருந்தாங்க. கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போச்சுன்னார். முதல்ல ஓரப் பார்வைதான் போவுமாம். நேரா இருக்கிறது கடைசி வரைக்கும் நல்லாத் தெரியுமாம். அதனால ஆளுக்கே தெரியாதாம். இடது கண்ணு ஏறக்குறைய போயிடுச்சு, வலது கண்ணும் அதே வழியில போயிக்கிட்டிருக்கு, போனது போனதுதான், திரும்ப வராதுன்னார். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாமே"ன்னார். இளவரசி அப்படியே சேர்ல சாஞ்சுட்டா.

டாக்டர் என்னைப் பாத்துக் கேட்டார். "வீட்ல உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா? வண்டி ஓட்டினாங்கன்னு சொல்றீங்க. அங்கங்க உரசல், இடி ஏதாவது இருந்திருக்கணுமே. சில பேருக்கு அதை வெச்சே நாங்க சந்தேகப்படுவோம்."

நான் பெருமையாத்தான் சொன்னேன் தம்பி. "கன்னுக்குட்டி விஷயத்தைத் தவிர ஒண்ணும் இல்ல டாக்டர். எங்க வண்டியை வந்து பாருங்க, ஷோரூம்லேர்ந்து எடுத்த மாதிரி இருக்கும்." அவர் தலையை ஆட்டிட்டு ஏதோ எழுதிக்கிட்டார். டாக்டர் கேக்கறார்னு எல்லாத்தையும் கொட்டிட முடியுமா? அவளை மட்டமா நினைக்க மாட்டாரா? ஒரு டாக்டருக்கு இன்னொரு டாக்டர் முன்னாடி ஒரு கௌரவம் இருக்குல்ல.

அப்புறம் ஆபரேஷன், சொட்டு மருந்து, எல்லாம் பாத்தோம். ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. ஆவணிக்கெல்லாம் வேலையை விட்டுட்டா. இப்ப வலது கண்ணுல ஏதோ குழாய் வழியாப் பாக்கற மாதிரி கொஞ்சம் தெரியுதுங்கிறா. அதுவும் எத்தனை நாளைக்கோ. ஊர்லேர்ந்து ஆளுங்க வருவாங்க, பால் கொண்டாருவாங்க, பூவாயிகூட ஒரு தடவை வந்துச்சு. இவ வாசலுக்கு வர்றதில்ல. உள்ளேயே உக்காந்திருப்பா.

வண்டி ஷெட்டுலயே கிடந்தது. ஓட்ட ஆள் இல்ல. வித்துடலாம்னு பேச்சு வந்தது. அப்பதான் இந்த வாக்குவாதம் ஆரம்பிச்சது. கதவைச் சரி பண்ணி விக்கறதா, அப்படியே விக்கறதான்னு.

நான் சொன்னேன், பொண்ணு பாக்க வர்றாங்கன்னா மூஞ்சி கழுவாமயா நிறுத்துவோம், ஒடுக்கு எடுத்து அடிச்சுடலாம். சகாயம் வேணாம்னான். "விக்கற நேரத்துல புதுப் பெயிண்ட் தெரிஞ்சா பெரிய ஆக்சிடெண்ட்னு நினைச்சுக்குவாங்க சார். கதவு உள்ள போனது போனபடி இருந்தா, இவ்வளவுதான் அடின்னு கண்ணாலயே பாத்துக்குவாங்க"ன்னான். இளவரசியும் போன்ல அதையேதான் சொன்னா. "விட்டுடுங்கப்பா, யார் வாங்குறாங்களோ அவங்க பாத்துக்கட்டும்."

திலகா என்ன சொல்றான்னு பாத்தா, கதவைத் தொடவே கூடாதுங்கிறா. சாயங்காலமானா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஷெட்டுக்குப் போவா. நான் சுவத்துப் பக்கத்துல இடம் விட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லியிருந்தேன், பாக்க வர்றவங்களுக்காக. அந்த இடுக்குல நின்னுக்கிட்டு அந்தக் கதவுல கையை வெச்சுக்கிட்டிருப்பா. உள்ள போன இடத்துல விரலை விட்டுத் தடவிப் பாப்பா. நான் திருட்டுத்தனமா அடிச்சுட்டேனான்னு பாக்கறான்னு நினைச்சேன். ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறே, யாருக்கு இது அழகா இருக்குன்னு கேட்டேன்.

"அழகுக்கு இல்லைங்க. இது ஒண்ணுதான் நடந்தது நடந்த மாதிரி இருக்கு. இருக்கட்டும்"னா.

இதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க. படிச்சவ பேச்சு. எனக்குப் புரியல. ஆனா வண்டியைப் பாக்க ஒருத்தர் வந்தார், கதவைப் பாத்ததும் மூஞ்சி மாறிடுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்தக் கதவு இருக்கிற வரைக்கும் இவ இந்த ஷெட்டுல வந்து நிக்கறதை விடப் போறதில்ல. அவ நல்லதுக்குத்தான் தம்பி. இளவரசி வந்து அவளை செக்கப்புக்குத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு சகாயத்தைக் கூப்பிட்டு வண்டியை அனுப்பிட்டேன். அவன் முணுமுணுத்துக்கிட்டேதான் எடுத்துட்டுப் போனான். அம்மாவும் பொண்ணும் ஓசூர்லயும் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தாங்க. வர்றதுக்குள்ள கதவு தயார். கண்ணாடி மாதிரி இருந்தது.

இவ வந்ததும் கையைப் பிடிச்சு நானே கூட்டிட்டுப் போனேன். தொட்டுப் பாருன்னேன்.

முன் கதவுல கையை வெச்சா. மெதுவா நகத்திக்கிட்டே போனா. பின் கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா. மறுபடியும் போனா. இடம் தெரியாம தடுமாறறாளோன்னு, இங்கதான் திலகா இருந்ததுன்னு கையைப் பிடிச்சுக் காட்டினேன்.

"எங்கங்க"ன்னா.

"போயிடுச்சு. ஒண்ணுமே தெரியாது பாரு."

கையை எடுக்காம அப்படியே நின்னா. எனக்கு அப்ப தோணுச்சு, இவ்வளவு நாள் மனசுல வெச்சிருந்ததை இப்ப சொல்லிட்டா என்னன்னு. நான் அவளுக்காக எவ்வளவு பண்ணியிருக்கேன்னு அவளுக்குத் தெரியவே தெரியாதே. சொன்னேன். இது மட்டும் இல்ல திலகா, இந்த வண்டியில நீ எத்தனை இடத்துல இடிச்சேன்னு உனக்குத் தெரியுமா, நீ பாத்தது ரெண்டே ரெண்டுதான், மீதியெல்லாம் உன் மனசு நோவக் கூடாதுன்னு நானே சகாயத்துக்கிட்ட குடுத்து சரி பண்ணி வெச்சேன்னேன்.

அவ மூஞ்சியை என் பக்கம் திருப்பினா. "எங்கெங்க இருந்தது, சொல்லுங்க"ன்னா.

நானும் ஆசையாச் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. பின் பம்பர் ஓரம், அது ஆடி வெள்ளிக்கு முன்னாடி. பின் கதவுல நீளமா ஒரு கோடு, அது இளவரசி வளைகாப்பு சமயம். முன் மட்கார்டு மறுபடியும் ஒரு தடவை, அப்புறம் கதவுக்குக் கீழ இருக்கிற படி. இவ ஒவ்வொண்ணுக்கும், "எந்தப் பக்கம்"னு கேட்டா. இடதுன்னேன். "அது எந்தப் பக்கம்?" அதுவும் இடதுதான், எல்லாம் இடதுதான், அந்தப் பக்கம் நீ எங்க பாத்து ஓட்டினேன்னு சிரிச்சேன்.

"வளைகாப்பு சமயமா"ன்னு கேட்டா. இளவரசி பொண்ணு இப்ப ஸ்கூல் போவுது.

ஆமாம்னேன்.

"டாக்டர் அன்னைக்கு உங்ககிட்ட இதைப் பத்திக் கேக்கலையா?"

"கேட்டார். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும்தான் சரி பண்ணியாச்சே, எதுக்குச் சொல்லணும்?"

 கோவப்படுவாளோன்னு பாத்தேன், கோவமும் படல. தேங்க்ஸ்னு ஒரு வார்த்தையும் சொல்லல. அங்கயே அந்த இடுக்குலயே கீழ உக்காந்துட்டா. தரையெல்லாம் எண்ணெய்க் கறை, சேலை பாழாயிடும் எந்திரின்னேன். எந்திரிக்கல. இளவரசி வந்துதான் தூக்கி உள்ள கூட்டிட்டுப் போனா.

அதுலேர்ந்து எங்கிட்ட பேச்சைக் குறைச்சுட்டா. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. சாப்பிடக் கூப்பிட்டா வருவா. ஷெட்டுக்குப் போறதில்ல, அந்த மட்டும் நான் நினைச்சது நடந்தது. போன வாரம் இளவரசி வந்து ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. திலகாதான் போன் பண்ணி வரச் சொல்லியிருக்கா, எங்கிட்ட சொல்லவே இல்ல. பெட்டியில அவ துணி மட்டும்தான் இருந்தது. என் சட்டை நாலு எடுத்து வெக்கட்டுமான்னு கேட்டேன். "வீட்டை யாராவது பாத்துக்கணும்ல அப்பா"ன்னா இளவரசி. அதுவும் சரிதான்.

கார்ல ஏர்றப்ப திலகாகிட்ட, நான் எப்ப வரட்டும்னு கேட்டேன். ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, "முதல்ல இந்த வண்டி போகட்டும்"னா.

அதான் தம்பி எனக்கு அவசரம். வண்டி போயிடுச்சுன்னு போன் பண்ணிச் சொல்லணும். சொல்லிட்டா நான் கிளம்பிடலாம் பாருங்க. அவளுக்கு சொட்டு மருந்து விட ஆள் வேணும், இளவரசி வேலைக்குப் போறவ. உங்களுக்குப் பிடிச்சிருந்தா விலை எல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல.

வாங்க, பாருங்க. கதவைத் திறந்து மூடிப் பாருங்க. சத்தமே வராது. குனிஞ்சு என்ன பாக்கறீங்க? தட்டிப் பாக்கறீங்களா, தட்டுங்க. பட்டி போட்ட இடத்துல சத்தம் கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

ஷேடா? வெயில்ல தள்ளிப் பாத்தா மாறுதுங்கிறீங்களா? நான் இந்தப் பக்கம் நின்னு பாக்கறேன், எனக்கு ஒண்ணும் தெரியலையே. சில்வர் கலர்ல அப்படித்தான் வரும்னு சகாயம் சொன்னான். முன்னாடி வந்த ரெண்டு பேரும்கூட இதையேதான் சொன்னாங்க. பெரிய அடியா இருக்கும்னு ஒருத்தர் கேட்டார். கன்னுக்குட்டிதாங்கன்னேன். நம்பல.

யோசிச்சுச் சொல்றேங்கறீங்க. சரி, யோசிங்க. வண்டின்னா யோசிச்சுத்தான் வாங்கணும். கதவு உள்ள போயிருந்தப்பவே நான் ஒரு போட்டோ எடுத்து வெச்சிருந்தா காட்டியிருக்கலாம், எடுக்கல.

ஒரு நிமிஷம் இருங்க தம்பி. இந்த ஷேடு ஒண்ணுதானே உங்களுக்குக் குறையாத் தெரியுது? அப்படின்னா வண்டி முழுக்க அடிச்சுடறேன். மேல், கீழ், ரெண்டு பக்கம், எல்லாம் ஒரே கலரா. சகாயத்துக்கு இப்பவே போன் போடறேன், அவன் வேணாம்பான், நான் சொன்னாக் கேட்டுக்குவான். அடுத்த வாரம் வந்து பாருங்க. இந்த வண்டியில எங்கயும் எதுவும் நடந்த மாதிரியே இருக்காது.